பேட்டா கொடுத்தாச்சு, டிப்ஸும் வேணுமா? நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் இன்னோவா வாடகைக்கு எடுத்து, அப்பா அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஐந்து நாள் குன்னூர், ஊட்டி, மசினகுடி என்று சுற்றப் போகிறீர்கள். தங்குவது ஹோம்ஸ்டேயில், சாப்பாடும் அங்கேயே. ஒரு நாள் வழிகாட்டியோடு காட்டுப் பக்கம் நடை. எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர் ஒரு டிராவல்ஸ்காரர். டிரைவருக்குத்தான் தினமும் பேட்டா போகிறதே, அதற்கு மேல் டிப்ஸ் எதற்கு, மற்றவர்களில் யாருக்குக் கொடுக்கணும், எவ்வளவு, கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம், கொடுப்பது நல்லது. ஆனால் டிப்ஸுக்கு முன்னால் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை சில உண்டு, அவற்றை விட்டுவிட்டுக் கடைசி நாளில் ஐந்நூறு ரூபாயைக் கையில் திணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் அப்பா குன்னூர் ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டியவர். நான் கொஞ்ச காலம் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பில் வேலை பார்த்தேன், இப்போது பதினெட்டு வருஷமாகக் கோத்தகிரி பக்கத்தில் இரண்டே அறை வைத்து விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். காசு வாங்குகிற வீட்டிலும் வளர்ந்திருக்கிறேன், கொடுக்கிறவர்களையும் தினம் பார்க்கிறேன். கீழே சொல்லும் தொகைகள் என் அனுபவத்தில் சரி என்று படுபவை, உங்கள் கைவசத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டா. அது சம்பளமும் இல்லை, டிப்ஸும் இல்லை. வீட்டை விட்டு வெளியூரில் கிடக்கிற நாளில் ஒரு மனிதன் சாப்பிடவும் படுக்கவும் ஆகிற செலவுக்கான படி. டிராவல்ஸ் பில்லைப் பிரித்துப் பார்த்தால் கிலோமீட்டர் வாடகை, நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்ற கணக்கு, மலை ஏறினால் தனியாக ஒரு தொகை, டோல், பார்க்கிங், அப்புறம் பேட்டா என்று இருக்கும். பேட்டா இப்போது பெரும்பாலும் நாளுக்கு 400 முதல் 600 ரூபாய் வரை போடுகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டினால் அடுத்த நாள் கணக்கு, அதில் தகராறு வேண்டாம். சீசன் நேரத்து ஊட்டியில் காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரிக்கு நாலு பரோட்டா, இடையில் மூன்று டீ என்று வைத்துப் பாருங்கள், அந்தத் தொகையில் என்ன மிஞ்சும்? படுக்கைக்கு மிஞ்சாது. பேட்டா கொடுத்தாச்சே என்று நாம் நினைக்கிறபோது அவருக்கு அன்றைய சாப்பாடு முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பேட்டா பில்லில் இருந்தாலும் எல்லா முதலாளிகளும் அதை டிரைவர் கையில் அப்படியே கொடுப்பதில்லை. சிலர் மாதச் சம்பளத்தில் சேர்த்துவிட்டோம் என்பார்கள், சிலர் பாதி பிடிப்பார்கள். வண்டி பேசும்போதே, "பேட்டாவை நாங்களே தினமும் டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறோம், பில்லில் போடாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் கொடுங்கள். ஐந்து நாள் பேட்டாவைக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால், நடுவில் அந்த மனிதர் தன் கைக்காசைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அது பலருக்குத் தெரிவதே இல்லை.

"சாப்பாடெல்லாம் நாங்களே வாங்கிக் கொடுத்தோம்" என்று சொல்லிப் பேட்டாவைக் குறைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அன்பாகத்தான் உங்கள் மேஜையிலேயே உட்காரச் சொல்லுவீர்கள், ஆனால் எல்லா டிரைவருக்கும் அது பிடிக்காது. அப்பா அடிக்கடி சொல்லுவார், "கஸ்டமரோட உக்காந்தா மெதுவாச் சாப்பிடணும், பேச்சுக்குப் பதில் சொல்லணும், எனக்கு அந்த அரை மணி நேரம் காலை நீட்டினாத்தான் அடுத்த வளைவுல கண்ணு தெரியும்" என்று. அதனால் கேளுங்கள், வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிந்த மெஸ்ஸில் அவர் சாப்பிட்டுக்கொள்வார்.

படுக்கைதான் பெரிய விஷயம், இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். போன ஜனவரியில் உறவுக்காரர் ஒருவரை அதிகாலையில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் விடப் போயிருந்தேன். உறைபனிக் காலம், காந்தல் பக்கமும் குதிரைப்பந்தய மைதானத்திலும் புல் உப்புத் தூவினது போல வெள்ளையாகக் கிடந்தது. வழியில் ஒரு ஓட்டலுக்கு வெளியே ஏழெட்டு வண்டி வரிசையாக நின்றது, எல்லாவற்றின் கூரையிலும் பனி. அதில் ஒன்றின் கண்ணாடி மட்டும் உள்பக்கமாக வியர்த்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை உள்ளேயிருந்து செய்தித்தாளால் வட்டமாகத் துடைத்தது. அப்புறம் கதவு திறந்து, குரங்குக் குல்லாவும் கழுத்தைச் சுற்றித் துண்டுமாக ஒருவர் இறங்கினார். மூச்சு முட்டாமல் இருக்க ராத்திரி முழுக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்திருந்திருக்கிறார், அந்த இடுக்கு வழியாகக் குளிர் எப்படி வந்திருக்கும் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை எடுத்து முன் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்ட ஆரம்பித்தார். விரல் மடங்கவில்லை, கார்டு இரண்டு முறை கீழே விழுந்தது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏழு மணிக்கு அவருடைய சவாரிக்காரர்கள் இறங்கி வந்தார்கள், நல்ல மனிதர்கள், "நல்லாத் தூங்கினீங்களாண்ணா?" என்று கேட்டார்கள். "தூங்கினேன் சார்" என்றார். அன்றைக்கு அவர்கள் கூடலூர் வழியாக மசினகுடிக்கு இறங்குகிறார்கள்.

அந்தக் குடும்பம் கடைசி நாளில் அவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தாலும், நாலு ராத்திரிக்கு ஒரு கட்டிலும் கம்பளியும் கிடைத்திருந்தால் அதைவிட மேல் என்றுதான் நான் சொல்லுவேன். அவருக்காக மட்டும் சொல்லவில்லை, தூங்காத கண்ணோடு மலைப்பாதையில் உங்கள் பிள்ளைகளை வைத்து ஓட்டப்போகிறவர் அவர். தமிழ்நாட்டில் 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் விருந்தினர்களின் டிரைவர்களுக்குத் தங்க இடம் ஒதுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். விதி வந்ததற்காக எல்லா இடத்திலும் கட்டில் வந்துவிடவில்லை. அதனால் அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள்: "டிரைவர் ரூம் இருக்கா? கட்டில், கம்பளி, சுடுதண்ணி இருக்கா? அதற்குக் காசு வாங்குவீர்களா?" இல்லை என்றால் பக்கத்தில் டார்மிட்டரி எங்கே இருக்கிறது என்று கேட்டு அந்தத் தொகையைத் தனியாகக் கொடுங்கள், பேட்டாவில் கழிக்காமல். நீங்கள் போகிற ஹோம்ஸ்டேக்காரரிடமும் இதைக் கேட்டே ஆகவேண்டும். நாலு பேர் கேட்டால் அடுத்த வருஷம் ஒரு அறை கட்டுவார்கள். என்னிடமும் ஒரு விருந்தினர் கேட்டுத்தான் சாமான் அறையைக் காலி செய்து இரண்டு கட்டில் போட்டேன்.

சரி, இவ்வளவும் நேராக இருந்தால் டிரைவருக்கு டிப்ஸ் எவ்வளவு? நாளுக்கு 200 முதல் 300 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு 1,000 முதல் 1,500. வயதான அம்மாவைப் படியில் கைபிடித்து இறக்கினார், வாந்தி வரும்போது முகம் சுளிக்காமல் நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கித் தந்தார் என்றால் 2,000 கொடுத்தாலும் தகும். மலையில் வண்டி ஓட்டுவது சமவெளியில் ஓட்டுவது போல இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வண்டியைப் பிடித்து வைத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் வருகிறவர்தான் நல்ல டிரைவர். உங்களுக்கு அது மெதுவாகப் போவது போலத் தெரியும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அவர் அசைய மாட்டார். கருகின வாசனை வராமல் கீழே வந்து சேர்ந்தீர்கள் என்றால் அதற்குத்தான் அந்தக் காசு. ஏறும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடுகிறாரா, மூடுபனியில் வேகம் குறைக்கிறாரா, போனை எடுக்காமல் இருக்கிறாரா என்று பாருங்கள். பாட்டு நன்றாகப் போட்டார், கலகலப்பாகப் பேசினார் என்பதைவிட இவற்றுக்குக் கூடுதலாகக் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கணக்கில் வரக்கூடிய ஒரு மனக்கசப்பையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி பக்கம், முப்பது கிலோமீட்டர் சுமார். ஆனால் அந்தப் பாதையில் விபத்து அதிகம் என்பதால் வெளி மாவட்ட வண்டியைக் கீழே இறங்க விடுவதில்லை, நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிதான் இறங்கும். கோயம்புத்தூர் வண்டி கூடலூர் சுற்றித்தான் போகணும், தூரம் இரண்டு மடங்குக்கு மேல். கூகுள் மேப்பைக் காட்டி "ஏன் சுற்றுகிறீர்கள், கிலோமீட்டர் ஏற்றவா?" என்று டிரைவரைக் கேட்டு அந்த நாளையே கெடுத்துக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதே போல மே மாத நெரிசலில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழியாக்கி விடுவார்கள். இதெல்லாம் அவர் கையில் இல்லை. இ-பாஸும் அப்படித்தான். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர அது கட்டாயம், 2025 ஏப்ரலில் நாளுக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் போட்டார்கள். பாஸ் யார் எடுப்பது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு அவரைத் திட்டிவிட்டுக் கடைசி நாளில் டிப்ஸ் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டாம்.

கமிஷன் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் டிப்ஸோடு ஒட்டிய விஷயம் இது. சாக்லேட் கடை, டீத்தூள் கடை, தைலக் கடை என்று டிரைவர் கூட்டிப்போகும் இடத்தில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. நீங்கள் வாங்கும் விலையில்தான் அது அடங்கியிருக்கிறது. இதைத் திருட்டு என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, சம்பளம் குறைவாக இருக்கிற இடத்தில் இப்படித்தான் ஓட்டை அடைபடுகிறது. ஆனால் உங்கள் நேரமும் காசும் போகிறது என்பதும் உண்மை. முதல் நாள் காலையிலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்: "அண்ணா, கடைக்கெல்லாம் நாங்க சொல்லும்போது போனால் போதும். உங்களைக் கடைசியில் நல்லபடியாக் கவனிச்சுக்கிறோம்." இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்து வரணும். முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னால் அவர் வருமானத்தைக் கையைத் தட்டிப் பறித்தது போல ஆகிவிடும். சொன்ன பிறகு சொன்னபடி செய்யவும் வேண்டும். வர்க்கி வாங்கணும், நீலகிரித் தைலம் வாங்கணும் என்றால் நல்ல கடை எது என்று அவரையே கேளுங்கள், நம்பிக் கேட்டால் பெரும்பாலும் நல்ல இடமாகத்தான் காட்டுவார்கள்.

மசினகுடிப் பக்கம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். "கூட ஐந்நூறு குடுங்க சார், ராத்திரி உள்ளே கூட்டிட்டுப் போறேன், யானை நிச்சயம்" என்று ஜீப்காரர் யாராவது சொன்னால், அது டிப்ஸ் இல்லை, சட்டத்தை மீறச் சொல்லிக் கொடுக்கிற கூலி. முதுமலையில் காட்டுக்குள் போவதற்கு வனத்துறை வண்டி இருக்கிறது, டிக்கெட் எடுத்துப் போகலாம். ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகும் சாலையிலேயே போக்குவரத்து இல்லை, காரணம் ரோட்டைக் கடக்கிற மிருகங்கள். வெளிச்சத்தை மூஞ்சியில் அடித்து யானையை விரட்டிப் பார்க்கிற சவாரிக்குக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறவரை அது நிற்காது. பகலில், அனுமதி உள்ள சாலையில் பொறுமையாக ஓட்டி, ஒரு மான் கூட்டத்தைக் காட்டி, "இறங்காதீங்க" என்று கண்டித்த ஜீப் டிரைவருக்கு 100, 200 தாராளமாகக் கொடுங்கள்.

தெப்பக்காடு யானை முகாமில் பாகன்களும் அவர்களுக்கு உதவியாக இருக்கிற காவடிகளும் வனத்துறை ஊழியர்கள். அவர்களுக்கு ரூபாய் நீட்டி "யானை கூட ஒரு போட்டோ" என்று கேட்காதீர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, உருண்டை ஊட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். பொதுவாகவே அரசு வேலையில் இருக்கிறவர்களுக்கு, வனக்காவலர், சோதனைச் சாவடிக்காரர், போலீஸ், ரயில்வே, யாராக இருந்தாலும் டிப்ஸ் என்ற பேச்சே வேண்டாம். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது லஞ்சக் கணக்கில்தான் வரும். மலை ரயிலில் போகிறீர்கள் என்றால் பாருங்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் கொடியோடு ஒரு பிரேக்மேன் நிற்பார். மழையிலும் அங்கேதான். 1899-இல் வண்டி குன்னூர் வரை வந்த நாளிலிருந்து பல் சக்கரத் தண்டவாளத்தில் நடக்கிற வேலை இது. இறங்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவரிடம் ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்கள், அதுவே போதும், காசு வேண்டாம்.

நடை வழிகாட்டி. 2024 அக்டோபரில் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது, நீலகிரியில் லாங்வுட் சோலை, கெய்ர்ன் ஹில் போன்றவை அதில் வரும். இதில் கூட வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் காட்டோர ஊர்களின் பிள்ளைகள், பழங்குடிகள் நிறைய. கட்டணத்திலேயே அவர்கள் பங்கு இருக்கிறது, மேலே கொடுத்தே ஆகணும் என்று இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று மணி நேரம் உங்கள் அப்பாவின் மூட்டுக்கு ஏற்ற வேகத்தில் நடந்து, அட்டைக்கு உப்பு தேய்த்து, காட்டெருமை நிற்கிற இடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துக் காப்பாற்றிக் கூட்டிவந்தால், குடும்பமாகச் சேர்ந்து 300 ரூபாய் கொடுப்பது அழகு. முழு நாள் என்றால் 500. இரண்டு பேர் வந்திருந்தால் இருவர் கையிலும் தனித்தனியாக. முன்னால் நடக்கிற ஆள்தான் பேசுவார், பின்னால் வருகிறவர் ஒன்றும் பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வருவார், அவரை மறந்துவிடுகிறோம். பறவை பார்க்கத் தனியாக வழிகாட்டியை வைத்தீர்கள் என்றால் அவருக்குக் கட்டணமே முக்கியம், பேரம் பேசாமல் கேட்ட தொகையைக் கொடுங்கள். 2,000-ஐ 1,400-க்கு இறக்கிவிட்டு முடிவில் 200 டிப்ஸ் கொடுத்தால் அவர் வீட்டுக்குப் போய் என்ன கணக்குப் போடுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

தோடர் பழங்குடிகளின் ஊரான மந்துக்குப் போக நினைத்தால் தெரிந்தவர் மூலம் கேட்டுவிட்டுப் போங்கள். அது மக்கள் குடியிருக்கிற இடம். படம் எடுத்துவிட்டுப் பிள்ளைகள் கையில் பத்து ரூபாய், மிட்டாய் என்று கொடுக்கிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அங்கே பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் நூல் எண்ணிப் போடுகிற பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு. பிடித்திருந்தால் ஒரு சின்னப் பையாவது விலை குறைக்காமல் வாங்குங்கள், முடியாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஹோம்ஸ்டே. வீட்டுக்காரரே சமைத்துப் பரிமாறுகிறார் என்றால் டிப்ஸ் கொடுக்காதீர்கள், சங்கடப்படுவார். என்னிடம் ஒருவர் கணக்கு முடித்த பிறகு இருநூறு ரூபாயைத் தட்டின் கீழே வைத்துவிட்டுப் போனார், அதை என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த நாள் சமையலுக்கு வருகிற அக்காவிடம் கொடுத்தேன். ஊரிலிருந்து நல்ல கருவேப்பிலை, முருங்கைக்காய் கொண்டுவந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், மலையில் அதற்கு இருக்கிற மதிப்பே வேறு. ஆனால் சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் இருந்தால் அவர்களுக்குக் கட்டாயம் கொடுங்கள். மூன்று நாலு ராத்திரி, ஆறு பேர் குடும்பம் என்றால் சமைக்கிறவருக்கு 500, அறை பெருக்கி, விறகு போட்டு, வெந்நீர் வைத்தவருக்கு 300. குளிர்காலத்தில் காலை ஐந்து மணிக்கு விறகடுப்பு மூட்டி வெந்நீர் போடுவது லேசான வேலை இல்லை, மழை நாளில் ஈர விறகு ஊதி ஊதிக் கண் சிவந்துபோகும்.

அவர்கள் கையிலேயே கொடுங்கள், இது முக்கியம். நான் வேலை பார்த்த அந்த ரிசார்ட்டில் வரவேற்பு மேஜையில் அழகான மரப் பெட்டி ஒன்று இருந்தது. விருந்தினர்கள் சமையல்காரருக்கு, துணி துவைக்கிறவருக்கு என்று சொல்லியே போடுவார்கள். மாதம் ஒருமுறை திறப்பார்கள். நான் இருந்த பதினான்கு மாதத்தில் சமையலறைக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் போய் நான் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவின ஒரு அம்மா என்னிடம் ஒருநாள், "அந்தப் பொட்டியில எங்களுக்கும் போடறாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அன்றைக்குச் சொல்லாதது இன்றுவரை உறுத்துகிறது. சமையலறைக்குப் போக முடியாவிட்டால் "அந்த அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்று கேளுங்கள். வருவார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. "பிள்ளைங்களுக்கு அவரைக்காய்க் குழம்பு ரொம்பப் பிடிச்சுது" என்று எது பிடித்ததோ அதைப் பேர் சொல்லிச் சொல்லிவிட்டு, மடித்த நோட்டைக் கையில் வைத்துவிடுங்கள். நாலு பேர் பார்க்க எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

ஓட்டலில் சாப்பிடும்போது பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜிஎஸ்டி வேறு, அது வரி, கட்டித்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னால், பரிமாறினவருக்கு நேராக ஐம்பதோ நூறோ கொடுத்துவிடுங்கள். அவரிடம் கோபப்படாதீர்கள், பில் போட்டது அவர் இல்லை. படகு இல்லத்தில் துடுப்பு போடுகிறவருக்கு 50, பெட்டி தூக்கின பையனுக்கு 50, இதற்கெல்லாம் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக மேட்டுப்பாளையத்திலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் வராது, ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். குதிரைக்காரரிடம் ஏறும் முன்பே வாடகையும் தூரமும் பேசி முடித்துவிட்டு, இறங்கும்போது திருப்தியாக இருந்தால் மட்டும் மேலே கொடுங்கள். குதிரை நொண்டினால் ஏறவே ஏறாதீர்கள்.

டிராவல்ஸ்காரருக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். அவருக்கு ரொக்கமாக எதுவும் கொடுக்க வேண்டாம். அவர் வருமானம் வண்டிக்காரரிடமிருந்தும் தங்குமிடத்திலிருந்தும் வரும் கமிஷனிலோ, உங்களிடம் வாங்கிய சேவைக் கட்டணத்திலோ அடங்கிவிட்டது. ஆனால் எல்லா ஏற்பாட்டாளரும் ஒன்று இல்லை. மண் சரிந்து பாதை அடைத்த ராத்திரியில் பதினோரு மணிக்குப் போனை எடுத்து, வேறு வழியும் வேறு அறையும் பார்த்துக் கொடுத்தவர் என்றால் சும்மா விடக்கூடாது. அவருக்குப் பயன்படுவது நாலு குடும்பத்துக்கு அவர் நம்பரைக் கொடுப்பதும், எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று திரும்பி வந்ததும் உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் பேசுவதும்தான். பாக்கி இருந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், பத்து நாள் இழுக்க வேண்டாம். ஒரு கிலோ ஸ்வீட்டோ, இங்கிருந்து ஒரு பாக்கெட் நல்ல டீத்தூளோ கொண்டுபோய்க் கொடுத்தால் மகிழ்வார். உங்களுக்கென்று திட்டம் போட்டு முழு நாளும் கூடவே வந்த தனி வழிநடத்துநர் என்றால் அது வேறு, அவருக்கு டிரைவருக்குக் கொடுக்கிற அளவுக்காவது கொடுக்கணும்.

குறைத்துக் கொடுக்கலாமா, கொடுக்காமலே விடலாமா? விடலாம். குடித்துவிட்டு ஓட்டினார், பெண்களிடம் சரியாக நடந்துகொள்ளவில்லை, பிள்ளைகளை வண்டியில் வைத்துக்கொண்டு வளைவில் முந்தினார் என்றால் ஒரு ரூபாய் வேண்டாம். பேட்டாவை மட்டும் பாக்கி இல்லாமல் கொடுத்துவிட்டு முதலாளிக்குப் போன் செய்து சொல்லுங்கள். குடித்திருக்கிறார் என்று தெரிந்தால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள், கடைசி நாள் வரை பொறுக்க வேண்டாம். ஆனால் மழை வந்தது, தொட்டபெட்டாவில் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை, பிள்ளை அழுதது என்கிற எரிச்சலை அவர் டிப்ஸில் காட்டக்கூடாது. ஜூன், ஜூலையில் வந்தால் மூடுபனி இருக்கத்தான் செய்யும். உண்மையில் அந்த மாதங்களில் டிரைவர்களுக்கும் ஹோம்ஸ்டே ஆட்களுக்கும் சவாரி குறைவு, கை வறண்டிருக்கும். மே மாதத்தில் கொடுப்பதைவிட அப்போது நூறு ரூபாய் கூடக் கொடுங்கள்.

பழைய ஸ்வெட்டர் கொடுக்கலாமா என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கேட்டுவிட்டுக் கொடுங்கள். துவைத்து, மடித்து, பையில் போட்டு, "உங்க வீட்ல யாருக்காவது ஆகுமா?" என்று கேட்டால் வாங்கிக்கொள்வார்கள், வேண்டாம் என்றாலும் மனம் நோகாது. பெட்டியில் இடம் இல்லை என்று கட்டிலில் விட்டுவிட்டுப் போகிற துணியும், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் டிப்ஸ் ஆகாது, அதை எடுத்துப் போடுவதும் அந்த அக்காவுக்கு இன்னொரு வேலை.

கடைசி நாளுக்கு ஒரு யோசனை. கோயம்புத்தூர் ஸ்டேஷனில் இறங்கும்போது போர்ட்டர், பெட்டி, ரயில் நேரம் என்று ஒரே அவசரமாக இருக்கும், பர்ஸில் துழாவிக் கையில் வந்ததைக் கொடுப்போம், அப்பாதான் கொடுத்தார் என்று நினைத்து மனைவியும், மனைவி கொடுத்திருப்பாள் என்று நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். முந்தின ராத்திரியே டிரைவருக்கான டிப்ஸை ஒரு கவரில் போட்டு உங்கள் அப்பாவிடம் கொடுத்து வையுங்கள், பெரியவர் கையால் வாங்குவது அவர்களுக்குப் பிடிக்கும். மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தும்போது, வண்டியை விட்டு இறங்கி நின்று கொடுக்கச் சொல்லுங்கள். அவர் திரும்பிப் போகும் வழியில் எங்காவது சாப்பிட வேண்டியிருந்தால் அதற்கும் சேர்த்து அந்த நாள் பேட்டாவைத் தனியாக, முழுசாக.